லாரி மெக்மர்ட்ரி: படமாகாத ஒரு திரைக்கதையும் 843 பக்க நாவலும்

நூலகவாசி:

லாரி மெக்மர்ட்ரிக்கு இங்கே தனி இழை இல்லை. வெஸ்டர்ன் நாவல்களைப் பற்றிப் பேசும்போது 'லோன்சம் டவ்' வருகிறது, ஆஸ்கர் பேச்சில் 'ப்ரோக்பேக் மவுண்டன்' வருகிறது. இரண்டிலும் ஒரே ஆளின் கை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1936-இல் டெக்சஸில் பிறந்தார், 2021 மார்ச்சில் காலமானார். ஏறக்குறைய முப்பது நாவல்கள், அது போக கட்டுரைகள், நினைவுக்குறிப்புகள், திரைக்கதைகள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்துவிடுகிறார்கள். நாவல் மனசுக்காக எழுதியது, சினிமா காசுக்காகச் செய்தது என்று. லோன்சம் டவ் பிறந்த விதத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது என்பது என் கட்சி.

1971-இல் 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படம் வந்தது. நாவலும் மெக்மர்ட்ரி, திரைக்கதையிலும் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சோடு அவர் பெயர். அந்த வெற்றிக்கு அப்புறம் இருவரும் ஒரு வெஸ்டர்ன் படத்துக்குத் திட்டமிட்டார்கள். ஜான் வெய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா மூவரையும் மனதில் வைத்து எழுதிய கதை, 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரிடோ' என்று பெயர். இயக்குநர் ஜான் ஃபோர்டின் பேச்சைக் கேட்டு வெய்ன் பின்வாங்க, படம் அப்படியே நின்றது. திரைக்கதை ஸ்டூடியோவில் தூங்கியது. சில வருடங்கள் கழித்து மெக்மர்ட்ரி 35,000 டாலர் கொடுத்து, தான் எழுதியதைத் தானே விலைக்கு வாங்கினார். பிறகு ஒரு நாள் சாலையோரத்தில் ஒரு பழைய தேவாலயப் பேருந்தைப் பார்க்கிறார். அதன் மேல் 'லோன்சம் டவ் பாப்டிஸ்ட் சர்ச்' என்று எழுதியிருக்கிறது. நாவலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

1985-இல் 843 பக்கத்தில் வெளியாகி, 1986-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1989 பிப்ரவரியில் ராபர்ட் டுவாலும் டாமி லீ ஜோன்சும் நடித்த குறுந்தொடராக நான்கு இரவுகள் ஓடி, ஏழு எம்மி விருதுகளை வாங்கியது. வெய்ன் சரி என்று தலையாட்டியிருந்தால் இரண்டு மணி நேரப் படமாக முடிந்திருக்கும். நமக்கு இந்த நாவல் கிடைத்திருக்காது.

இரவுக்காட்சி:

நூலகவாசி அண்ணா, நல்ல தொடக்கம். ஆனால் சினிமாப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வைக்கிறேன். அவர் பெயரோடு ஒட்டிய புகழ்பெற்ற படங்களில் அவர் எழுதியவை எத்தனை?

முதல் நாவல் 'ஹார்ஸ்மேன், பாஸ் பை', 1961. இரண்டே வருடத்தில் பால் நியூமன் நடித்து 'ஹட்' ஆகிவிட்டது. எழுதியவர்கள் இர்விங் ராவெட்சும் ஹாரியட் ஃபிராங்கும். மூன்று ஆஸ்கர் வாங்கிய படம், மெக்மர்ட்ரிக்கு எழுத்தில் பங்கே இல்லை. 'டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட்' 1983-இல் வந்து, சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது; திரைக்கதையும் இயக்கமும் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ். ஜாக் நிக்கல்சனுக்கு விருது வாங்கிக் கொடுத்த விண்வெளி வீரர் பாத்திரம் நாவலிலேயே கிடையாது. லோன்சம் டவ் குறுந்தொடரை எழுதியது பில் விட்லிஃப். ஆக, பெரிய வெற்றிகளில் பாதிக்கு மேல் அவர் கதையை மட்டும் கொடுத்தவர்.

'ஹட்' விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவலில் கதை நடக்கும் பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹால்மியா ஒரு கறுப்பினப் பெண். கதையைச் சொல்லும் பையன் தாயைப் போல நினைத்து ஒட்டிக்கொண்டிருக்கும் மனுஷி. படத்தில் அவர் ஆல்மா என்கிற வெள்ளைப் பெண்ணாக மாறினார், பாட்ரிஷியா நீல் நடித்தார். அருமையான நடிப்பு, அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனாலும் கதையின் ஒரு நரம்பு அங்கே அறுந்துபோனது என்றுதான் நினைக்கிறேன்.

நூலகவாசி:

நியாயமான கேள்வி தம்பி. எழுத்துப் பட்டியலை வைத்து மட்டும் அளந்தால் நீங்கள் சொல்வது சரி. நான் பார்ப்பது வேறு கோணம். சினிமாவுக்காகத் தொடங்கியது அவரிடம் நாவலாக மாறிய தடவைகளைப் பாருங்கள்.

லோன்சம் டவ் ஒன்று. 1983-இல் வந்த 'தி டெசர்ட் ரோஸ்' இன்னொன்று. லாஸ் வேகஸ் நடன மங்கை ஒருத்தியைப் பற்றித் திரைக்கதை கேட்டார்கள். அவர் சில வாரங்களில் நாவலாகவே எழுதி முடித்துவிட்டார், அதுவும் லோன்சம் டவ்வை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு. அதற்கு முன்னால் பல வருடங்களாகத் தன் உரைநடையே தனக்குப் பிடிக்காமல் போயிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சலிப்பை உடைத்தது ஒரு சினிமா வேலை. பிறகு டயானா ஓசானாவோடு சேர்ந்து எழுதிய 'ப்ரிட்டி பாய் ஃபிளாய்ட்', 1994. அதுவும் முதலில் திரைக்கதை.

சினிமாவுக்குப் போனதால் எழுத்து கெட்டுப்போனது என்று சொல்லப்படும் நாவலாசிரியர்களின் பட்டியல் நீளமானது. மெக்மர்ட்ரியிடம் நேர்மாறாக நடந்தது. சினிமா கைவிட்ட இடத்தில் அவருக்கு நாவல் கிடைத்தது.

கொள்ளிடம்:

இவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக வேண்டாமே. ஆர்ச்சர் சிட்டி. வட டெக்சஸில் ரெண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். தாத்தா காலத்திலிருந்து மாட்டுப்பண்ணைக் குடும்பம். அப்பா, பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள் எல்லோருக்கும் குதிரைமேல் வாழ்க்கை. அந்தப் பண்ணை வீட்டில் புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. 1942-இல் போருக்குப் போன உறவுக்காரர் ஒருவர் பத்தொன்பது புத்தகங்கள் அடங்கிய பெட்டியை அந்தச் சிறுவனிடம் விட்டுப் போனார். அவருடைய மொத்த வாழ்க்கையும் அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பியது.

மாடு மேய்க்கும் வேலை அவருக்கு வரவில்லை. ஆனால் அந்த மனிதர்களை விடவும் முடியவில்லை. அப்பாவின் தலைமுறை தங்கள் தொழில் கண்முன்னே முடிந்துபோவதைப் பார்த்த தலைமுறை. அந்தத் துக்கம் அவருடைய எல்லா நாவலிலும் ஓடுகிறது. 1966-இல் வந்த 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'வில் ஊரின் சினிமாக் கொட்டகை மூடப்படுகிறதே, ஆர்ச்சர் சிட்டியின் ராயல் தியேட்டர் அதற்கு முந்தைய வருடம்தான் எரிந்துபோயிருந்தது. அந்த நாவலைச் சொந்த ஊருக்கே அர்ப்பணித்தார். பெயரைத் தாலியா என்று மாற்றினாலும் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன! ஊரின் ரகசியமெல்லாம் அம்பலம் ஏறியது என்று பலருக்குக் கோபம். அப்புறம் படப்பிடிப்பும் அதே ஊரில் நடந்தது.

பனங்காடு:

நானும் அவர் வாசகன்தான். அதனால் உரிமையோடு ஒரு நெருடலைச் சொல்கிறேன்.

1981-இல் 'டெக்சஸ் அப்சர்வர்' இதழில் நீளமான கட்டுரை ஒன்று எழுதினார். டெக்சஸ் எழுத்தாளர்கள் யாரையும் விடவில்லை. மாடும் குதிரையும் திறந்தவெளியும் என்று மறைந்துபோன கிராமத்தையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், மக்கள் ஹூஸ்டனிலும் டாலஸிலும் வாழ்கிறார்கள், அந்த நகர வாழ்க்கையை எழுதுங்கள் என்று கடுமையாகச் சொன்னார். நான்கே வருடத்தில் அவரே மெக்சிகோ எல்லையிலிருந்து மொன்டானா வரைக்கும் மாட்டு மந்தை ஓட்டும் நாவலைக் கொடுத்தார். புலிட்சரும் வாங்கினார். இதற்கு அவர் தரப்பில் என்ன பதில்?

இன்னொன்று, தொடர்ச்சிகள். லாஸ்ட் பிக்சர் ஷோவுக்கு 'டெக்சஸ்வில்' தொடங்கி நான்கு. லோன்சம் டவ்வுக்கு முன்கதைகளையும் சேர்த்து மூன்று. எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றில் பாத்திரங்களின் பெயர் இருக்கிறது, உயிர் இல்லை. நூலகவாசி ஐயா சினிமா அவரைக் கெடுக்கவில்லை என்கிறார். ஒரு கதை ஓடினால் அதன் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று போவது எந்தத் தொழிலின் பழக்கம்?

மேகலை:

பனங்காடு சார், முதல் கேள்விக்கு நாவலுக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். (படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம், கதை தெரிந்துவிடும்.)

ஆற்றைக் கடக்கும்போது ஷான் என்கிற அயர்லாந்துப் பையன் பாம்புக் கூட்டத்துக்குள் விழுந்து சாகிறான். வீரம் எதுவும் இல்லை, காரணமும் இல்லை. நல்லவர்கள் பலரும் இப்படித்தான் போகிறார்கள். மந்தையை ஓட்டிப்போகும் வுட்ரோ கால் அவ்வளவு பெரிய தலைவர், பக்கத்திலேயே வளரும் நியூட்டைத் தன் மகன் என்று கடைசிவரை வாய் திறந்து சொல்லமாட்டார். குதிரையைக் கொடுப்பார், துப்பாக்கியைக் கொடுப்பார், பெயரைக் கொடுக்கமாட்டார். அவ்வளவு தூரம் மந்தையை ஓட்டிப்போய் என்ன கிடைத்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கௌபாய் புராணத்தை உள்ளே இருந்து உடைக்கிற நாவல் இது. வாசகர்கள் அதையே புராணமாக்கிக் கொண்டாடினார்கள். தெற்கு மாநிலங்களின் பழைய வாழ்வை அழகாக்கிக் காட்டிய 'கான் வித் த விண்ட்' போல, இது மேற்குப் பகுதியின் 'கான் வித் த விண்ட்' ஆகிவிட்டது என்கிற பொருளில் அவரே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

எனக்கு அவர் பிடித்ததற்குக் காரணம் பெண்கள். லோன்சம் டவ்வில் கிளாரா வரும் பக்கங்களில் வுட்ரோ கால், அவர் கூட்டாளி கஸ் என்ற அந்த இரண்டு வீரர்களும் சின்னப் பையன்களாகத் தெரிவார்கள். நெப்ராஸ்காவில் படுத்த படுக்கையான கணவனையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு நிற்கிறவள், வுட்ரோ காலிடம் அவள் பேசும் கடைசிப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. 'டெர்ம்ஸ்' நாவலில் அரோரா கிரீன்வே. ஹூஸ்டன் பணக்கார விதவை, சுற்றி நாலைந்து காதலர்கள், நாக்கு மட்டும் கத்தி. படத்தில் மகள் எம்மாவின் நோய் பெரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. நாவலில் அது கடைசிச் சிறிய பகுதியில், கிட்டத்தட்ட அவசரமாக, வந்து போகிறது. அந்த அவசரம் என்னைப் படத்தைவிட அதிகமாக அடித்தது.

நகரத்தை எழுதச் சொன்னாரே என்றீர்கள். கட்டுரைக்கு முன்னாலேயே ஹூஸ்டனை வைத்து மூன்று நாவல்கள் எழுதிவிட்டார்.

பனங்காடு:

மேகலை அக்கா, கிளாரா பற்றிச் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் புராணத்தை உடைக்கிற நாவலில் ப்ளூ டக் என்கிற வில்லன் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறான்? அடியும் முடியும் இல்லாத கொடூரம். பழைய வெஸ்டர்ன் படங்களின் பூர்வகுடி வில்லனுக்கும் இவனுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கௌபாய்க்குக் கொடுத்த மனசில் கொஞ்சத்தை அங்கேயும் கொடுத்திருக்கலாம். இந்தக் குறை எனக்குக் குறையாகவே இருக்கட்டும்.

நூலகவாசி:

அதை நான் மறுக்கப் போவதில்லை. தொடர்ச்சிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'டுவேன்ஸ் டிப்ரெஸ்ட்', 1999, அதைத் தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். லாஸ்ட் பிக்சர் ஷோவில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த டுவேன் அறுபது வயதைத் தாண்டி, ஒரு நாள் திடீரென்று தன் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்குகிறான். டெக்சஸில் ஒரு ஆண்பிள்ளை வண்டி இல்லாமல் நடந்தால் ஊரே பயப்படும். குடும்பமும் பயப்படுகிறது. அப்புறம் ஒரு மனநல மருத்துவர், அவர் படிக்கச் சொல்லும் பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட்.

இந்த நாவலுக்குப் பின்னால் ஆசிரியரின் சொந்த அனுபவம் இருக்கிறது. 1991 டிசம்பரில் இதய அறுவைச் சிகிச்சை. உடம்பு தேறியது, ஆள் தேறவில்லை. பழைய ஆள் எங்கோ போய்விட்டான், வெறும் கோட்டுருவம்தான் மிச்சம் என்பது போல எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் படித்தவருக்குப் படிக்கிற இன்பம் வருடக்கணக்கில் இல்லாமல் போனது. அரிசோனாவில் டூசானில் டயானா ஓசானாவின் வீட்டில்தான் கிடந்தார். ஆச்சரியம், எழுதுவது மட்டும் நிற்கவில்லை. 1993-இல் வந்த நாவலை அந்த வீட்டுச் சமையலறையில் டைப்ரைட்டரை வைத்து அடித்து முடித்தார். அந்த நாவலின் பெயர் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரிடோ'. ஆமாம், வெய்ன் வேண்டாமென்ற படத்தின் பெயர்தான், இப்போது லோன்சம் டவ்வின் தொடர்ச்சிக்கு. அந்த மனநிலையில் எழுதியதால்தான் அது அத்தனை இருட்டான நாவல். வுட்ரோ கால் அதில் ஒரு கையையும் ஒரு காலையும் இழக்கிறார்.

பழையகடை:

புத்தக வியாபாரத்தைப் பற்றி இன்னும் யாரும் வாயே திறக்கவில்லையே. எனக்கு மெக்மர்ட்ரி முதலில் பழைய புத்தக வியாபாரி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

இளம் வயதிலேயே அரிய புத்தகங்களைத் தேடிப் பிடித்து விற்பார். ஆசிரியர் வேலையை விட்டு 1971-இல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பகுதியில் 'புக்ட் அப்' என்ற கடையைக் கூட்டாளியோடு திறந்தார். பிறகு சொந்த ஊருக்கே கொண்டுவந்தார். ஆர்ச்சர் சிட்டியின் காலியான கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கி நிரப்பினார். நான்கு கட்டடங்கள், லட்சக்கணக்கில் புத்தகம். வேல்ஸில் ஹே-ஆன்-வை என்று ஒரு புத்தக ஊர் இருக்கிறதே, அப்படி ஒன்றை அமெரிக்காவில் உண்டாக்க ஆசை. தூசி படிந்த பண்ணை ஊர் அது. பக்கத்தில் பெரிய நகரம் என்று எதுவும் இல்லை. புத்தகமே இல்லாத வீட்டில் பிறந்தவர் அந்த ஊரையே புத்தகத்தால் நிரப்பினார்.

அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? நாவல் விற்ற காசும் இருந்திருக்கும். ஆனால் மறைந்த சேகரிப்பாளர்களின் நூலகங்களையும் மூடும் கடைகளையும் அப்படியே மொத்தமாக வாங்க வேண்டுமென்றால் சினிமாச் சம்பளம் இல்லாமல் நடக்காது. எடுக்கப்படாத படத்துக்கும் எழுதினதற்குக் கூலி உண்டு. அவர் எழுதிய திரைக்கதைகளில் பல படமாகவே இல்லை, அதைப் பற்றி அவர் புலம்பியதும் இல்லை.

2012 ஆகஸ்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் புத்தகங்களை ஏலம் விட்டார். வயது எழுபத்தாறு, தன் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் தலையில் இந்தச் சுமை வேண்டாம் என்று. ஒரு கட்டடத்தை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டில் சொந்தச் சேகரிப்பு தனி, இருபத்தெட்டாயிரம். ஏலச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. ஆனால் வியாபாரி சரக்கை வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும், விடவும் தெரிந்திருக்க வேண்டும்.

இரவுக்காட்சி:

பழையகடை ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் ஆஸ்கர் மேடை ஞாபகத்துக்கு வந்தது. 2006 மார்ச். மேலே கோட், கீழே ஜீன்சும் பூட்சும். தழுவல் திரைக்கதைக்கான விருதை ஓசானாவோடு வாங்கிக்கொண்டு, உலகத்திலுள்ள புத்தகக் கடைக்காரர்களுக்கு நன்றி சொன்னார். ப்ரோக்பேக் மவுண்டன் படமாவதற்கு முன்னால் எழுத்தாக இருந்தது என்பதையும் ஞாபகப்படுத்தினார். அதற்குச் சில வாரம் முன்பு கோல்டன் குளோப் மேடையில் தன் ஹெர்மீஸ் 3000 டைப்ரைட்டருக்கு நன்றி. கணினியைத் தொடாத மனிதர். தினமும் காலையில் எழுந்ததும் ஐந்து பக்கம், பின்னாளில் பத்துப் பக்கம், அதோடு எழுந்துவிடுவார்.

ப்ரோக்பேக் வேலையை ஒரு திரைக்கதைப் பாடமாகவே படிக்கலாம். ஆனி ப்ரூவின் சிறுகதை 1997-இல் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. ஓசானா படித்துவிட்டு இவரைப் படிக்க வைத்தார். இருவரும் சொந்தக் காசைப் போட்டு உரிமையை வாங்கினார்கள். எந்த ஸ்டூடியோவும் கேட்டுச் செய்த வேலை இல்லை. திரைக்கதை சீக்கிரம் தயாராகிவிட்டது, படம் வர 2005 ஆனது. அத்தனை வருடம் நடிகர்களும் இயக்குநர்களும் வருவதும் போவதுமாக இருந்தார்கள், கடைசியில் ஆங் லீ.

மூலக் கதை மிகச் சிறியது. இரண்டு ஆண்களுக்கும் மனைவிகள் இருக்கிறார்கள் என்பது சில வரிகளில் கடந்துவிடும். திரைக்கதை அங்கேதான் விரிகிறது. அந்த வீடுகள், சமையலறை, குழந்தைகள், பண நெருக்கடி, மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கதையில் இருந்த ஒன்றையும் எடுக்காமல் சுற்றிலும் குடும்பத்தைக் கட்டினார்கள். அரோராவையும் கிளாராவையும் எழுதிய கை இல்லாவிட்டால் இந்தப் படத்தில் நாயகர்களில் ஒருவனின் மனைவியான ஆல்மா ('ஹட்' ஆல்மா வேறு) அப்படி வந்திருக்கமாட்டாள். திரைக்கதையாளர் மெக்மர்ட்ரி யார் என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது அந்தப் பகுதியைத்தான். நாவலாசிரியரைத் தேடினாலும் அங்கேயே இருக்கிறார், அந்த வகையில் நூலகவாசி அண்ணா கட்சிக்கு என் ஓட்டும் உண்டு.

கொள்ளிடம்:

ஹாலிவுட்டைப் பற்றி அவர் தனியாகவும் எழுதியிருக்கிறார். 1987-இல் 'ஃபிலிம் ஃப்ளாம்' கட்டுரைகள், 2010-இல் 'ஹாலிவுட்' என்ற நினைவுக்குறிப்பு. ஆனால் எனக்குப் பிடித்தது 1972 நாவல், 'ஆல் மை ஃபிரண்ட்ஸ் ஆர் கோயிங் டு பி ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. முதல் நாவல் வெளியான சூட்டோடு சினிமாவுக்கு விற்றுப்போகும் இளைஞன் டேனி டெக். காசு வருகிறது, வாழ்க்கை கலைகிறது. கடைசியில் இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை ரியோ கிராண்டே ஆற்றில் அமுக்கி மூழ்கடிப்பான். தன் இளமையில் தனக்கு வந்திருக்கக்கூடிய ஆபத்தை இப்படிக் கதையாக்கி வைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

நிலாமுற்றம்:

இந்த இழையால்தான் இவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன், எல்லோருக்கும் நன்றி. எதிலிருந்து தொடங்கலாம்? ஆங்கிலத்தில் பெரிய நாவல்கள் படித்துப் பழக்கமில்லை.

பனங்காடு:

லாஸ்ட் பிக்சர் ஷோ. சின்ன நாவல், எளிய மொழி. படித்துவிட்டுப் படத்தையும் பாருங்கள், கறுப்பு வெள்ளை. சாம் த லயனாக வரும் பென் ஜான்சன் குளக்கரையில் பழைய காதலைப் பற்றிப் பேசும் ஒரு காட்சி போதும். அதற்குத்தான் அவருக்கு ஆஸ்கர் கொடுத்திருப்பார்கள்.

மேகலை:

பனங்காடு சார் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்தது 'டெர்ம்ஸ்'. லோன்சம் டவ்வை மட்டும் நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் நிலாமுற்றம். மந்தை கிளம்புவதற்கே நிறையப் பக்கங்கள் ஆகும். கஸ் வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார், கால் கோபப்பட்டுக்கொண்டே இருப்பார், ரெண்டு பன்றிகள் சுற்றித் திரியும். அந்தப் பக்கங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பின்னால் மனசை உடைக்கப் போகிற எல்லோரையும் அவர் அங்கேதான் நமக்குப் பழக்கப்படுத்துகிறார்.